கொடியில் பன்னிரண்டாவது சட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு நம்புவதைத் தவிர என்னால் வேறு என்ன செய்ய முடியும். பேத்திக்கு இருமல் நின்றதா. போன வாரம் போனில் பேசும்போது பின்னால் அவள் இருமிக்கொண்டே இருந்தாள், கேட்டதற்கு அது ஒன்றுமில்லை என்றாய், ஒன்றுமில்லாததற்கு ஒரு குழந்தை அப்படி இருமாது. வெந்நீர் கொடு, தலை ஈரத்தோடு வெளியே விடாதே. அப்பாவுக்கு இடது கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வந்த புண் இன்னும் ஆறவில்லை. சர்க்கரை இறங்கினால்தான் ஆறும் என்கிறார்கள். கட்டு மாற்ற வாரத்துக்கு இரண்டு முறை இரண்டு பஸ் மாறிப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். நடந்து போகிற தூரத்தில் புது ஆஸ்பத்திரி திறந்திருக்கிறதே என்று நீ கேட்பாய். அங்கே காத்திருக்கும் கூடத்தில் உட்கார வேண்டும், நாலு பேர் பார்ப்பார்கள், அதற்கு இரண்டு பஸ் எவ்வளவோ மேல் என்பது அவர் கணக்கு. நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டேன். சமையலறை ஓரத்தில் கூரை ஒழுகுகிறது, ஆள் சொல்லியிருக்கிறேன், இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். அம்மா, அங்கல்லாம் போய் நிக்காதே, பேசாம அப்பாவைக் கூட்டிட்டு இங்க வந்துடு என்று ஆரம்பித்துவிடுவாய், எனக்குச் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உன்னிடம் ஒரு பொருள் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். என்ன பொருள் என்று கடைசியில் சொல்கிறேன். நேராகக் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, சின்ன வயதில் பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல் வரிசையாகப் படி.

நாற்சந்தியில் அந்த ஆஸ்பத்திரி எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் தம்பி ஓட்டிய வேன் கால்வாயில் விழுந்ததே, அப்போது பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருந்திருந்தால் நாலு பேராவது பிழைத்திருப்பார்கள் என்று விசாரணையில் எழுதினார்கள். அந்த ஒரு வரிதான் அந்தக் கட்டடத்தைக் கட்டியது. பேக்கிங் தொழிற்சாலைக்குக் காலை ஷிப்டுக்குப் போன பதினொரு பேர் செத்தார்கள், அவர்களோடு இவனும். அதே விசாரணையில்தான் ஓட்டுநர் தூங்கிவிட்டார் என்றும் எழுதியிருந்தது. தூங்கினான்தான். இன்னொரு ஓட்டுநர் வராததால் இரண்டு நாளாகச் சேர்ந்தாற்போல் இவனையே ஓட்ட வைத்தார்கள் என்று நான் வக்கீல் மாதிரி எத்தனையோ தடவை பேசிப் பார்த்திருக்கிறேன். பேசி முடித்த பிறகும் அவன் தூங்கியது தூங்கியதாகத்தான் இருக்கிறது. அன்றிலிருந்து அந்தப் பதினொரு பேர் வீட்டில் ஒருவரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. நானும் எதிரே வந்தால் சாலையின் மறுபக்கம் மாறிக்கொள்வேன். அவன் பெயரையே ஊரில் யாரும் சொல்வதில்லை. அந்த டிரைவர் என்பார்கள். நானே ஒருமுறை கடையில் யாரோ கேட்டபோது அந்த டிரைவரோட அம்மா என்று சொல்லிவிட்டேன், வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஒரு பெரிய வெற்றுச் சுவர் இருக்கிறது. பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர் அந்தச் சுவரைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். செத்துப்போன பெண்களில் ஒருத்தி அவளிடம் படித்தவள். யோசனை என்னவென்றால், இறந்தவர்கள் சாப்பிட்ட தட்டு, குடித்த கோப்பை, கிண்ணம் என்று பீங்கானில் ஏதாவது ஒன்றை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கொண்டு வரவேண்டும், அதைச் சில்லுசில்லாக உடைக்க வேண்டும், அந்தச் சில்லுகளைப் பதித்துச் சுவர் முழுக்க ஒரு மொசைக் படம் செய்ய வேண்டும். வெளியாள் யாரும் இல்லாமல் ஊர்க்காரர்களே கூடி உட்கார்ந்து செய்வது. சுவரில் ஒட்ட மட்டும் ஒரு கொத்தனார். இதில் எனக்கு என்ன வேலை என்றால், ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பும் திரையும் தைத்துக் கொடுப்பது நான்தானே, உடைக்கும்போது சில்லு பறந்து கண்ணில் படாமல் இருக்கக் கெட்டித் துணியில் பைகள் வேண்டும், பதினொன்று தைத்துக் கொண்டு வாங்க என்று தலைமை நர்ஸ் சொல்லி அனுப்பினார். இரட்டைத் துணி வைத்து, ஓரத்தை மூன்று மடிப்பு மடித்துத் தைத்தேன். பதினொன்று முடிந்த பிறகு மெஷினை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு பன்னிரண்டாவதையும் தைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது டிராயிங் டீச்சர் எண்ணிப் பார்த்தாள். எண்ணி முடித்ததும் என்னைப் பார்த்தாள், எல்லாவற்றையும் சேர்த்து மடித்து வைத்துக்கொண்டாள். அம்மா நீங்களும் கூட்டத்துக்கு இருங்க என்று மட்டும் சொன்னாள். நான் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்து போகச் சொன்னால் சீக்கிரம் போகலாமே என்று.

கூட்டம் ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையில், மருந்துப் பெட்டிகள் அடுக்கிய மேஜையைச் சுற்றி நடந்தது. என்ன படம் போடுவது என்பதிலேயே முழு மத்தியானம் போனது. டீச்சர் பறவைக் கூட்டம் ஒன்று வரைந்து வந்திருந்தாள். எங்க வீட்டு ஆளு வேலைக்குத்தான் போச்சு, பறந்து போகல என்று ஒருவர் சொல்லிவிட்டார். சூரியன் போடலாம் என்றார் டீக்கடைக்காரர், அவர் மனைவி அந்த வேனில் முன் சீட்டில் இருந்தவள். தண்ணி மட்டும் எங்கயும் வரக்கூடாது என்று இரண்டு மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள். நர்ஸ் தன் பங்குக்கு, இங்க நோயாளிங்க மணிக்கணக்கா உக்காந்திருப்பாங்க, பாத்தா பயப்படாத மாதிரி எதாச்சும் போடுங்க என்றார். அப்போதுதான் இஸ்திரிக்கார அக்கா பேசினாள். உனக்கு அவளைத் தெரியும், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் துணி தேய்ப்பாளே. அவளுடைய இரண்டு பெண்களும் அந்த வேனில்தான் போனார்கள். இரண்டு பேரும். அவள் யாரையும் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், துணி போடுங்க, ஒரு கொடி, அதுல காயற துணிங்க, ஆளுக்கு ஒண்ணு, யாருக்கு எந்தத் துணின்னு எனக்குத் தெரியும், எல்லாம் நான் தேய்ச்சதுதான். டீச்சர் தான் வரைந்த பறவைகளைத் திருப்பி வைத்துவிட்டு அந்தத் தாளின் பின்பக்கத்தில் நீளமாக ஒரு கோடு போட்டாள். அக்கா சொல்லச் சொல்ல எழுதினாள். காலர் வைத்த மஞ்சள் சட்டை டீக்கடைக்காரர் மனைவிக்கு, ஒரு பக்கம் மட்டும் பை வைத்த நீலப் பாவாடை இன்னொருத்திக்கு, அவளுடைய பெரியவளுக்குப் பட்டன் வைத்த சட்டை, சின்னவளுக்குப் பூப்போட்டது, கையில் ரப்பர் வைத்தது. டீச்சருக்குத் துணி வரையத் தெரியவில்லை. கொடியில் துணி எப்படித் தொங்கும், தோள்பட்டை எங்கே சரியும், பாவாடைக்கு எங்கே சுருக்கு விழும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், கை அப்படி வராதும்மா, கொஞ்சம் மடங்கித் தொங்கும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைவு வந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. டீச்சர் பென்சிலை என் கையில் கொடுத்தாள். அளவு வெட்டும் காகிதத்தில் பதினொரு துணிக்கும் நிஜ அளவிலேயே மாதிரி வெட்டித் தருவதாக ஒப்புக்கொண்டேன். அன்று எனக்கு இரண்டு மணி நேரம் நெஞ்சு பாரமில்லாமல் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

காரியத்தைக் கெடுத்தவர் கொத்தனார். வெளியூர்க்காரர், நல்ல மனுஷர், யார் யாருக்கு என்ன என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. நாடாவை வைத்துச் சுவரை அளந்து வந்தார். இருபத்து நாலு அடி இருக்கு, துணிக்கு ரெண்டு அடின்னு வெச்சா பன்னெண்டு சரியா வருது, செத்தது பன்னெண்டு பேர்னுதானே பேப்பர்ல போட்டிருந்தான், கச்சிதமா இருக்கு என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். டீக்கடைக்காரர் எழுந்தார். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கொன்னவனையும் செத்தவங்களையும் ஒரே கொடியில காயப் போடுவீங்களா என்று கேட்டார். கேட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். அவர் போனால் இன்னும் நாலு பேர் பின்னால் போவார்கள் என்று தெரிந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், இஸ்திரிக்கார அக்காவைத் தவிர, அவள் மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன், பதினொண்ணே போதும், துணிக்கும் துணிக்கும் நடுவுல காத்து போறதுக்குக் கொஞ்சம் எடம் விட்டா பார்க்க நல்லாத்தான் இருக்கும் என்று. தையல்காரி சொல்வதுபோலச் சொன்னேன். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர் அப்போது வாயைத் திறந்தார். நீயே அவனைக் கழிச்சிட்டியா என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் சோற்றை வைத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அவர் இந்த மூன்று வருஷத்தில் ஒரு நாளும் ஊருக்குள் போய் நிற்காதவர், அவன் பங்குக்கு ஏச்சு வாங்குவது நான், கேள்வி கேட்பது அவர். ஆனால் கேள்வி சரியான கேள்வி.

உடைக்கும் நாள் ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சிமென்ட் தரையில் கோணி விரித்திருந்தார்கள். பதினொரு பேர் வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். தட்டு, கிண்ணம், காது உடைந்த கோப்பை ஒன்று, சோறு போடும் பெரிய பீங்கான் ஒன்று. எல்லாரும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் ஒரு சாதாரணத் தட்டைப் பையில் போட்டு, வாயை மடித்து, சுத்தியலால் பக்குவமாக நாலு தட்டுத் தட்டிக் காட்டினாள். ரொம்பத் தட்டினா பொடியாயிடும், நகம் அளவுக்குச் சில்லு வந்தா போதும் என்று சொல்லிக் கொடுத்தாள். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆளுக்கொரு பையும் சுத்தியலும் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஒருவர் சுத்தியலைத் தூக்கினார், இறக்கினார், பையைத் தடவிக் கொடுத்தார். டீக்கடைக்காரர் தன் மனைவியின் கிண்ணத்தைப் பையில் போடுவதும் எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தார். இத்தனை நாள் கூட்டம் போட்டு, சுவரை அளந்து, காகிதம் வெட்டி, எல்லாம் யோசித்தோம், உடைக்கும்போது கை வராது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இருந்திருந்து ஒரு மணி நேரம் போயிருக்கும். டீச்சர் முகம் வெளிறிவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் காலம் முழுக்க அந்த முகம் நினைவிருக்கும். தையக்கார அம்மாகிட்ட குடுங்க, உடைக்கிறது அவங்க வீட்டுக்குத்தான் பழக்கம் என்றது அந்தக் குரல்.

நான் எழுந்து வந்திருக்க வேண்டும், அதைத்தானே நீ இப்போது சொல்லுவாய். எழுந்தேன். எழுந்து போய்க் கோணியில் உட்கார்ந்து சுத்தியலைக் கையில் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால், அங்கே என்னால் கொடுக்க முடிந்தது கை மட்டும்தான். ஒவ்வொருவராகப் பையைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார்கள். டீக்கடைக்காரரும் வைத்தார், என் முகத்தைப் பார்க்காமல். நான் தட்டினேன். பீங்கான் உடைகிற சத்தம் துணிக்குள் கேட்கும்போது பல் கூசுகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் யாராவது ஒருவர் எழுந்து அந்தப் பக்கம் போனார்கள். வியர்வை கண்ணில் வழிந்தது, துடைக்கவில்லை. கடைசியாக வந்தவள் இஸ்திரிக்கார அக்கா, இரண்டு பைகளோடு. எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெரியவளுடையதை உடைத்தேன். இரண்டாவது பையை வைத்தபோது, மெதுவா, சின்னவளோடது மெல்லிசு என்றாள். மெதுவாகத்தான் தட்டினேன். என் பிள்ளைக்கு ஒரு நாளும் அவ்வளவு மெதுவாக நான் தலை வாரிவிட்டதில்லை.

எல்லாம் முடிந்து நான் கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, உங்களது எங்கே என்று அக்கா கேட்டாள். எனக்குப் புரியவில்லை. டீச்சர்தான் பன்னிரண்டாவது பையை எடுத்து எங்கள் நடுவில் வைத்தாள், இத்தனை நாள் அதை அவள் தனியாக எடுத்து வைத்திருந்திருக்கிறாள். கொண்டு வரலை என்றேன். அடுத்த சனிக்கிழமை கொண்டு வாங்க, நான் உடைக்கிறேன் என்றாள் அக்கா. அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது, அன்று அவளுக்கே தெரிந்திருக்காது. ஆனால் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். டீக்கடைக்காரர் எழுந்து வந்தார். தன் மனைவியின் கிண்ணத்துச் சில்லுகளைப் பையிலிருந்து துண்டில் கொட்டினார், ஒன்றிரண்டு தரையில் விழுந்ததையும் பொறுக்கிப் போட்டார், நாலு முனையையும் முடிந்துகொண்டு போய்விட்டார். உடைத்தது நான். அவர் வீட்டில் இனி அது கிண்ணமும் இல்லை, சுவரில் சட்டையும் இல்லை. நம் பிள்ளைக்கு ஓர் இடம் கேட்கப் போய் அந்த மனுஷரின் இடம் போனது.

அந்த வாரம் முழுக்கப் போவதா வேண்டாமா என்று எனக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை அப்பா அலமாரியிலிருந்து உன் தம்பியின் தட்டை எடுத்தார், பழுப்பு நிறத் தட்டு, மூன்று வருஷமாகக் கவிழ்த்தே வைத்திருந்தது. புண் காலோடு குழாயடியில் நின்று அதைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார். அவ கையால உடைஞ்சா உடையட்டும் என்றார். நான் எடுத்துக்கொண்டு போனேன். அன்று அங்கே டீச்சரும் அக்காவும் மட்டும்தான். அக்கா தட்டைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள், பையில் போட்டாள். முதல் அடி சரியாகத்தான் அடித்தாள். இரண்டாவதும் சரி. மூன்றாவதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. முப்பது வருஷம் கரி இஸ்திரிப்பெட்டி தூக்கிய கை அது. டீச்சர் தடுக்கப் போனாள், நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அடித்துக்கொண்டே அவனைத் திட்டினாள், பெயர் சொல்லித் திட்டினாள். உன் சட்டையும் நான்தானடா தேய்ச்சேன், தூக்கம் வந்தா ஓரமா நிறுத்தணும்னு தெரியாதாடா, ரெண்டு பேரும் அண்ணே அண்ணேன்னுதானடா ஏறுவாங்க, முடியலைன்னா வீட்டுல கிடந்திருக்கலாமேடா, உன்னை யாருடா வரச் சொன்னது என்று. மூன்று வருஷத்தில் இந்த ஊரில் அவன் பெயரை வெளியாள் ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான். உயிரோடு எதிரே நிற்கிற பையனைத் திட்டுகிற மாதிரி திட்டினாள்.

இங்கே உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும், இதுவரை சொன்னதில்லை. அன்று காலை அவன் எழுந்திருக்கவில்லை. முடியலம்மா, இன்னிக்கு விட்டுடு என்றான். நான்தான் போர்வையை இழுத்தேன். பதினொரு பேர் ரோட்டுல நிப்பாங்கடா, பொறுப்பில்லாம படுத்திருக்கியே என்று திட்டினேன். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினேன். அவன் சட்டையை நானே எடுத்துக் கொடுத்தேன். அப்பாவுக்குத் தெரியும். நீ அந்தக் கம்பெனியைத் திட்டும்போதெல்லாம் நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவு கோழை உன் அம்மா. அக்கா உன்னை யாருடா வரச் சொன்னது என்று கேட்டபோது என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. நான்தான் எழுப்பி அனுப்பினேன் என்றேன். அவள் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். அடுத்த அடி என்மேல் விழும் என்று நினைத்தேன், விழுந்திருந்தால் நகர்ந்திருக்க மாட்டேன். வெகுநேரம் பார்த்தாள். நானும்தான், ரெண்டு பேரையும் என்றாள்.

டீச்சர் உள்ளே போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், நாங்கள் இரண்டு பேரும் தொடவில்லை. பிறகு பையைப் பிரித்தால் உள்ளே மாவு. நகம் அளவு வேண்டாம், உளுந்தளவுகூட ஒரு சில்லு இல்லை. இது ஒட்டாதே அக்கா என்றாள் டீச்சர். வாடிக்கைக்காரர் சட்டையைத் தீய்த்துவிட்டவள் மாதிரி அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பையை மடித்து வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். எனக்கு வருத்தமாக இல்லை என்று சொன்னால் நம்புவாயா. அவனுக்காக ஊரில் இன்னொருத்தி அழுதிருக்கிறாள், திட்டித்தான் அழுதாள், அழுதாள் அல்லவா. திங்கட்கிழமை காலை அவளே நம் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அவன் சாப்பிட்டது குடிச்சது வேற எதாச்சும் இருக்கா, இந்தத் தடவை ஒழுங்கா உடைக்கிறேன் என்றாள். டீக்கடைக்காரரைப் பற்றிக் கேட்டேன். பேசிப் பாக்கறேன், வருவார்னு சொல்ல மாட்டேன், அவர் வரலைன்னா அந்தப் பழி உங்களுக்கும் எனக்கும் சேர்த்துதான் என்றாள். அப்பா உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

வீடு முழுக்கத் தேடினேன். மற்றதெல்லாம் எவர்சில்வர், அடித்தால் நசுங்குமே தவிர உடையாது. பீங்கானில் அவன் வைத்திருந்தது இரண்டே இரண்டு, தன் முதல் சம்பளத்தில் தனக்கென்று வாங்கிய அந்தத் தட்டும், அதற்கு ஜோடியான கோப்பையும். கோப்பை உன்னிடம் இருக்கிறது. காரியம் முடிந்து நீ கிளம்பும்போது உன் துணிக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்ததை நான் பார்த்தேன், பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். தினமும் காலையில் அதில்தான் டீ குடிக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். நான் உன்னிடம் கேட்பது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் கையில் முழுசாக இருக்கிற ஒன்றை வாங்கி, இன்னொருத்தி உடைப்பதற்குக் கொடுக்கப் போகிறேன். நீ மாட்டேன் என்றால் உன்மேல் கோபப்பட மாட்டேன், இல்லையென்று அக்காவிடம் சொல்லிவிடுவேன். ஆனால் என் மனதை மறைக்காமல் சொல்கிறேன், அந்தக் கொடியில் அவன் சட்டையும் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. அவன் தப்பு செய்தவனாகவே இருக்கட்டும், கூடவே செத்தவனாகவும் இருக்கட்டும். இந்த ஊர் இதுவரை அவனைச் செத்தவர்களில் சேர்க்கவே இல்லை. காக்கிச் சட்டைக்கு மாதிரி வெட்டிவிட்டேன், ரெண்டு அடி சரியாக வந்தது, மற்றத் துணிகளை நெருக்கினால் காற்றுக்கு விட்ட இடத்தில் அவன் அடங்கிவிடுவான். பத்து நாளில் சில்லுகளைச் சுவருக்கான வலைத்துணியில் ஒட்ட ஆரம்பிக்கிறார்கள், அதற்குள் தெரிய வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையிடம் இதைச் சண்டையாகச் சொல்லாதே, படிக்கக் கொடு. பேத்தியிடம் அவள் மாமா பெயரை அடிக்கடி சொல்லு, வீட்டில் சொல்வதற்கு என்ன தடை. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், நிம்மதியான தூக்கத்தோடு நீடூழி வாழ வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். அனுப்புவதாக இருந்தால் இரண்டு துண்டில் நன்றாகச் சுற்று, உள்ளே ஆடாமல் நாலு பக்கமும் துணி திணி, பெட்டிமேல் கவனம் என்று பெரிதாக எழுது. வழியில் உடையாமல் வந்து சேர வேண்டும். உடைக்க இங்கே ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் தம்பியை எழுப்பி அனுப்பிய,
உன் அம்மா